ட்ரோன் காட்டும் உயரம் தப்பா? காலிப்ரேஷனைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

தரையிறங்கி அசையாமல் நிற்கும் ட்ரோன் திரையில் மைனஸ் 2.4 மீட்டர் என்று காட்டும். உடனே பலரும் ஐஎம்யூ (அசைவையும் சாய்வையும் உணரும் சென்சார்) காலிப்ரேஷன், அதாவது சென்சாரின் அளவை மறுபடி சரிப்படுத்தும் வேலை, செய்வார்கள். எண் மாறாது. அடுத்து காம்பஸ் காலிப்ரேஷன். காம்பஸுக்கும் உயரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை; அது திசைக்கு மட்டும். ஐஎம்யூவுக்கு ஓரளவு பங்கு உண்டு, ஆனால் நீங்கள் பார்க்கும் அந்த மைனஸ் 2.4-க்குப் பெரும்பாலும் அது காரணமில்லை. சாதனத்தில் பழுதே இல்லாமல் இப்படி ஓர் எண் வர அரை டஜன் வழிகள் இருக்கின்றன. எந்த எண், எந்தச் சூழலில், எந்தப் பக்கமாகத் தப்புகிறது என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே சொல்வது டிஜேஐ மினி, ஏர், மேவிக் போன்ற மடக்கும் கேமரா ட்ரோன்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற கம்பெனி ட்ரோன்களிலும் உள்ளே இருப்பது இதே ஏற்பாடுதான். மெனுவின் பெயர்கள்தான் மாறும்.

மூன்று உயரங்கள்

ஒரே ட்ரோனுக்குள் மூன்று தனித்தனி உயரக் கணக்கு ஓடுகிறது.

முதலாவது பாராமீட்டர், அதாவது காற்றழுத்தமானி. காற்றழுத்தத்தை அளந்து, கிளம்பிய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உயரமாக மாற்றும். திரையில் எச் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரிவது இதுதான். கடல் மட்டத்தருகே, நம்மூர் வெப்பத்தில், 1 ஹெக்டோபாஸ்கல் (100 பாஸ்கல்; காற்றழுத்தத்தின் அலகு) அழுத்தம் குறைந்தால் ஏறக்குறைய 8.5 முதல் 9 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. ஊட்டி உயரத்தில் அதே 1 ஹெக்டோபாஸ்கல் சுமார் 10.5 மீட்டருக்கும் மேல். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருவதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இரண்டாவது, வயிற்றுப் பக்கம் இருக்கும் கேமராவும் அகச்சிவப்பு சென்சாரும். நேர் கீழே இருக்கும் பரப்பு எவ்வளவு தூரம் என்று பார்க்கும். சுமார் 10 மீட்டர் வரைதான் இதன் அளவை நம்பலாம். அதற்கு மேல் போனால் ஒதுங்கிக்கொள்ளும்.

மூன்றாவது ஜிபிஎஸ் உயரம். இடத்தைக் காட்டுவதில் கெட்டிக்காரத்தனம் இருந்தாலும் உயரத்தில் ஜிபிஎஸ் பலவீனம்தான். செயற்கைக்கோள்கள் எல்லாமே தலைக்கு மேலே; காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. பக்கவாட்டில் எல்லாத் திசையிலிருந்தும் சிக்னல் வந்து பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்வதுபோல மேல்கீழில் நடக்காது. அதனால் பக்கவாட்டுப் பிழையைவிட உயரப் பிழை பொதுவாகவே பெரிது. இந்தக் காரணத்தால்தான் பறக்கும்போது உயரத்தைப் பிடித்து வைக்க ட்ரோன் ஜிபிஎஸ்ஸை முதன்மையாக நம்புவதில்லை. ஆனால் புகைப்படத்துக்குள் பதிவாகும் கடல்மட்ட உயரத்தில் இது வந்து குறுக்கிடும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

பூஜ்யம் எங்கே?

எச் காட்டும் உயரம் தரையிலிருந்து அல்ல, கிளம்பிய புள்ளியிலிருந்து. இது தெரிந்த விஷயம்தானே என்பார்கள்; புகார்களைப் பிரித்துப் பார்த்தால் கணிசமானவை இதில்தான் வந்து முடியும்.

மூன்று மாடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து கிளப்பி, தெருவில் இறக்கினால் மைனஸ் 10 காட்டும். சரியான எண். கையில் பிடித்துக் கிளப்பினால் நெஞ்சு உயரம்தான் பூஜ்யம். தரையில் இறக்கும்போது மைனஸ் 1.3 அளவில் நிற்கும். இதுவும் சரியே. பேட்டரி மாற்றி வேறு இடத்தில் வைத்துக் கிளப்பினால் பூஜ்யமும் அங்கே போய்விடும். வயல் மேப்பிங் செய்பவர்கள் முதல் பேட்டரியை வரப்பிலும் இரண்டாவதை ரோட்டோரமாகவும் வைத்துக் கிளப்பினால், ரோடு வயலைவிட ஒன்றரை மீட்டர் உயரம் என்றால், இரண்டாவது பாதி முழுக்க ஒன்றரை மீட்டர் கூடுதல் உயரத்தில் பறந்திருக்கும். ஒரே மேப்புக்கு ஒரே புள்ளி: ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, எல்லா பேட்டரிக்கும் அதே இடத்தில் இறக்கி, அதே இடத்திலிருந்து ஏற்றுங்கள்.

மலையில்தான் இது ஆபத்தாக மாறும். அடிவாரத்திலிருந்து கிளப்பி, சரிவின் மேலே போகும்போது எச் 90 காட்டலாம்; நேர் கீழே மரத்தின் உச்சிக்கும் ட்ரோனுக்கும் 8 மீட்டர்தான் இருக்கும். ரிட்டர்ன் டு ஹோம் (கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பும் வசதி) உயரமும் அதே பூஜ்யத்தை வைத்துத்தான். அது 40 மீட்டர் என்று விட்டிருந்தால், ட்ரோன் 90-ல் இருக்கும்வரை அந்த உயரத்திலேயே திரும்பும். ஆனால் குன்றின் மறுபக்கம் 25-க்கு இறங்கிப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது சிக்னல் போனால், 40 வரை ஏறிவிட்டு நேராகக் குன்றை நோக்கி வரும். திரும்பும் உயரத்துக்கான கணக்கு எளிது: இடையில் உள்ள உச்சியின் உயரத்திலிருந்து கிளம்பும் இடத்தின் உயரத்தைக் கழித்து, அதோடு மரத்துக்கும் பிழைக்கும் சேர்த்து 30 மீட்டர் கூட்டுங்கள். தடை உணரும் சென்சார் இருக்கிறதே என்று இருக்க வேண்டாம். இருட்டிலும் எதிர்வெயிலிலும் அது கைவிடும்.

உயர வரம்பும் அப்படியே. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவையில்லாத பகுதி) 400 அடி, அதாவது 120 மீட்டர். இயங்கும் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி, 60 மீட்டர். விதி தரையிலிருந்து அளக்கிறது. செயலியில் நீங்கள் வைக்கும் உச்ச வரம்போ கிளம்பிய புள்ளியிலிருந்து. குன்றின் மேலிருந்து கிளப்பிப் பள்ளத்தாக்குக்கு மேலே போனால், திரையில் 100 இருக்கும்போதே வரம்பைத் தாண்டியிருப்பீர்கள்.

கிளம்பிய இடத்திலேயே இறங்கியும் பூஜ்யம் வரவில்லை

இதுதான் உண்மையான சோதனை. தரையில் ஒரு இடத்தைக் குறித்து வைத்து அங்கிருந்து கிளப்புங்கள். 15, 20 நிமிடம் பறந்துவிட்டு அதே இடத்தில் இறக்குங்கள். மோட்டார் நிற்பதற்கு முன் எச் எவ்வளவு காட்டுகிறது, மணி என்ன, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளஸ்ஸா மைனஸ்ஸா என்பது முக்கியம்.

அரை மீட்டர், ஒரு மீட்டர் என்றால் விட்டுவிடுங்கள். இந்த வகைச் சாதனங்களில் வரும் சின்ன பாராமீட்டர் சிப்களின் ஒப்பீட்டுத் துல்லியமே அந்த அளவுதான். பிஎம்பி280 என்ற பரவலான சிப்புக்கு அதன் தயாரிப்பாளர் சொல்வதே ப்ளஸ் மைனஸ் 1 மீட்டர். போதாததற்கு, தரையை நெருங்கும்போது ப்ரொபெல்லர் காற்று கீழே முட்டி, ட்ரோனைச் சுற்றி அழுத்தம் சற்றுக் கூடும். பாராமீட்டருக்கு அது "இன்னும் கீழே போய்விட்டோம்" என்று படும். தரைக்கு அரை மீட்டர் மேலே இருக்கும்போதே மைனஸ் எண் தெரிவது இதனால்தான்.

இரண்டு, மூன்று மீட்டர் தப்பினால் கடிகாரத்தைப் பாருங்கள். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதியில் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. காலை 10 மணியை ஒட்டி உச்சம், மாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. மறுபடி இரவு 10-க்கு உச்சம், விடிகாலை 4-க்குத் தாழ்வு. புயல் மழை எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே காலை 10-க்கும் மாலை 4-க்கும் இடையே 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்கும். தரையில் சும்மா கிடக்கும் பாராமீட்டர் அந்த ஆறு மணி நேரத்தில் தன்னை 25 மீட்டர் ஏறியதாக நினைத்துக்கொள்ளும். மதியம் அரை மணி நேரம் பறந்தால் அதில் 2 முதல் 3 மீட்டர் உங்கள் பங்கு.

இதன் அடையாளம் திசையில் இருக்கிறது. மதியம் அழுத்தம் இறங்குவதால், இறங்கி நிற்கும் ட்ரோன் ப்ளஸ் காட்டும். மாலை 5, 6 மணிக்கு மேல் அழுத்தம் ஏறுவதால் மைனஸ் காட்டும். காலை 7 மணி ஷூட்டிலும் மைனஸ்தான். உங்கள் குறிப்பில் மதியமெல்லாம் ப்ளஸ், மாலையெல்லாம் மைனஸ் என்று விழுந்தால் சாதனத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை, வானம் அப்படி. மதியம் பறக்கும்போது என்ன நடக்கிறது என்றால், திரையில் 60 என்று அப்படியே நிற்கும். ட்ரோன் மட்டும் மெல்ல மெல்ல 57-க்கு வந்திருக்கும். டைம்லாப்ஸ் எடுப்பவர்களுக்குக் கட்டடத்தின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவதுபோலத் தெரிவதும் இதன் வேலைதான்.

சரிசெய்ய என்ன வழி? காலிப்ரேஷனில் எதுவும் இல்லை. இறக்கி, மோட்டாரை நிறுத்தி, மறுபடி கிளப்பினால் பூஜ்யம் புதிதாகும். துல்லியம் வேண்டிய வேலைக்கு ஒரு பேட்டரியை 25 நிமிடம் இழுக்காமல் 12 நிமிடமாகப் பிரியுங்கள். இடிமழை நெருங்கும்போது வீசும் குளிர்காற்றோடு அழுத்தம் சட்டென 1 ஹெக்டோபாஸ்கலுக்கும் மேல் எகிறலாம். அந்த நேரத்தில் உயரக் கணக்கைப் பற்றிக் கவலைப்படாமல் ட்ரோனை இறக்குங்கள்.

நேரத்தோடு பொருந்தாமல், எப்போது பறந்தாலும் முதல் நான்கைந்து நிமிடத்தில் மட்டும் எண் நகர்ந்து பிறகு நின்றுவிட்டால், அது சூடேறும் பிரச்சினை. ஏசி காரில் 22 டிகிரியில் இருந்த ட்ரோனை 38 டிகிரி வெயிலில் எடுத்து வைத்து அடுத்த அரை நிமிடத்தில் கிளப்பினால், பூஜ்யம் எடுத்த சிப்பின் வெப்பம் வேறு, பறக்கும் சிப்பின் வெப்பம் வேறு. சிப்புக்கு உள்ளேயே வெப்பத் திருத்தம் உண்டுதான், ஆனால் வேகமாக மாறும் வெப்பத்தை அது முழுதாகப் பிடிப்பதில்லை. வெளியே எடுத்து, நிழலில் 10 நிமிடம் விடுங்கள். பிறகு ஆன் செய்து 2, 3 நிமிடம் காத்திருந்து, ஹோம் பாயின்ட் (திரும்பி வர வேண்டிய இடம்) பதிவானதும் கிளப்புங்கள். அழகுக்காக ஒட்டும் ஸ்கின் ஸ்டிக்கர் காற்றோட்டத் துளைகளை மூடியிருந்தால் உரித்துவிடுங்கள். உள்ளே சூடு தங்கினால் நகர்வும் நீளும்.

உயரே போகப் போகப் பிழை பெரிதாகிறது

இறங்கும்போது பூஜ்யம் சரியாக வருகிறது, ஆனால் 100 மீட்டரில் ஏதோ இடிக்கிறது என்றால் அது வேறு நோய். அழுத்தத்தை உயரமாக மாற்றும் சூத்திரத்தில் காற்றின் வெப்பநிலை ஓர் உறுப்பு. சர்வதேச நிலையான வளிமண்டலம் கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துக்கொள்கிறது. சூடான காற்று விரிந்திருக்கும். அதே அழுத்த வித்தியாசத்துக்குக் கூடுதல் உயரம் ஏற வேண்டும். 35 டிகிரியில் அந்த விகிதம் 308-ஐ 288-ஆல் வகுத்தால் வருவது, 1.07. ஃபர்ம்வேர் (ட்ரோனுக்குள் ஓடும் மென்பொருள்) வெளி வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் 15 டிகிரியையே பிடித்துக்கொண்டிருந்தால், திரையில் 100 என்னும்போது நிஜத்தில் 107. சித்திரை வெயிலில் 120 என்று நம்பிப் பறப்பது 128 ஆகியிருக்கும்.

உங்கள் ட்ரோன் இதில் எந்த ரகம் என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். 30 மீட்டர் சர்வே டேப், செல்லோடேப், கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் போதும்.

முதலில் கேமராவின் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சுவரில் சரியாக 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு செங்குத்துக் கோடு ஒட்டுங்கள். லென்ஸிலிருந்து சுவர் சரியாக 10 மீட்டர் இருக்கும்படி ட்ரோனை ஒரு ஸ்டூலில், சுவருக்கு நேர் எதிரே வையுங்கள். மோட்டார் வேண்டாம். கிம்பல் (கேமராவைத் தாங்கித் திருப்பும் பகுதி) பூஜ்ய டிகிரி, ஜூம் இல்லை, பின்னால் பறந்து எடுக்கப்போகும் அதே ஃபோட்டோ மோட். படம் எடுத்து கம்ப்யூட்டரில் பெயின்ட் மாதிரி ஏதாவது ஒன்றில் திறந்து, கர்சரை இரண்டு கோடுகளிலும் வைத்து இடையே எத்தனை பிக்சல் என்று பாருங்கள். அந்தப் பிக்சல் எண்ணை 10-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் வருவது உங்கள் கேமராவின் எண். உதாரணத்துக்கு, 4000 பிக்சல் அகலப் படத்தில் 873 பிக்சல் வந்தால் எண் 2910. இதை ஒருமுறை கண்டுபிடித்து எழுதி வைத்தால் போதும், ட்ரோன் உள்ளவரை உதவும்.

பிறகு திறந்த மைதானத்தில் சரியாக 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு சுண்ணாம்பில் போடுங்கள். அதற்கு நேர் மேலே ஏற்றி, கிம்பலை மைனஸ் 90-க்குத் திருப்பி, கோடுகள் படத்தின் நடுவில் வரும்படி, திரையில் 30, 60, 100 காட்டும்போது ஒவ்வொரு படம். கேமரா எண்ணை 10-ஆல் பெருக்கி, படத்தில் இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள பிக்சலால் வகுத்தால் நிஜ உயரம். 100 என்று காட்டியபோது 272 பிக்சல் இருந்தால் 29,100-ஐ 272-ஆல் வகுக்க 107 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு பிக்சல் பிசகினால் அரை மீட்டருக்கும் குறைவாகவே தப்பும். 30, 60, 100 மூன்றிலும் அதே சதவீதம் கூடுதலாக வந்தால் வெப்பத்தின் விகிதப் பிழை. மூன்றிலும் அதே 2 மீட்டர் கூடுதல் என்றால் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. காற்றில்லாத நேரம் பார்த்து, ஏறி முடித்து 10 விநாடி நிலைத்த பிறகே படம் எடுங்கள்.

விகிதப் பிழை உறுதியானால் செயலியில் திருத்த இடமில்லை. கோடையில் உச்ச வரம்பை 120-க்குப் பதில் 110 என்று வைத்துவிடுவதே நடைமுறை.

இவ்வளவு கணக்கு வேண்டாம், சட்டென ஒரு சரிபார்ப்பு போதும் என்றால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பயன்படுத்தலாம். சுவரின் மேல் விளிம்பிலிருந்து தரைக்கு டேப்பைத் தொங்கவிட்டு அளந்துகொள்ளுங்கள். ட்ரோனைத் தரையிலிருந்து கிளப்பி, கட்டடத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, கிம்பலைப் பூஜ்ய டிகிரியில் வைத்து, திரையில் கட்டக்கோடு போட்டு, சுவரின் மேல் விளிம்பு படத்தின் சரி நடுவில் வரும்வரை ஏற்றுங்கள். அப்போது கேமராவும் விளிம்பும் ஒரே மட்டம். கிம்பல் 1 டிகிரி சாய்ந்திருந்தால் 10 மீட்டர் தூரத்தில் 17 சென்டிமீட்டர்தான் பிழை. அதையே 50 மீட்டர் தள்ளி நின்று செய்தால் 87 சென்டிமீட்டர். அதனால் நெருக்கமாகச் செய்யுங்கள்.

காற்றும் வேகமும்

ஸ்போர்ட் மோடில் (அதிவேகப் பறப்பில்) நேராக ஓட்டும்போது ட்ரோன் கொஞ்சம் தாழ்ந்து, பிரேக் பிடித்ததும் எகிறுகிறதா? அல்லது காற்றுக்கு எதிர்த்திசையில் பறக்கும்போது மட்டும் உயரம் மாறுகிறதா? வேகமாக மோதும் காற்று உடலைச் சுற்றியுள்ள அழுத்தத்தை மாற்றுகிறது. விநாடிக்கு 10 மீட்டர் காற்றின் மோதல் அழுத்தம் 60 பாஸ்கல், உயரக் கணக்கில் 5 மீட்டர். 15 மீட்டர் வேகத்தில் 135 பாஸ்கல், சுமார் 12 மீட்டர். இதில் ஒரு பங்குதான் கூட்டுக்குள் இருக்கும் சிப்பை எட்டும். தயாரிப்பாளர்கள் சிப்பைக் காற்று படாத மூலையில் வைத்து, ஃபர்ம்வேரிலும் ஓரளவு ஈடு செய்கிறார்கள். ஆனாலும் 2, 3 மீட்டர் ஏமாற்றுவது நடக்கும். எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் எண்ணே ஏமாந்திருக்கிறது. தென்னந்தோப்புக்கு மேலே ஸ்போர்ட் மோடில் போவதாக இருந்தால் மட்டை உச்சிக்கு மேல் 5 மீட்டராவது விடுங்கள்.

பெரிய கட்டடத்தின் விளிம்பிலும் இதே கதை. காற்று வந்து மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடுதல், மறுபக்கம் குறைவு. மூலையைச் சுற்றும்போது ட்ரோன் காரணமில்லாமல் ஒரு மீட்டர் ஏறி இறங்கினால் திகைக்க வேண்டாம், சுவரிலிருந்து இன்னும் தள்ளிப் போங்கள்.

10 மீட்டருக்குக் கீழே

இங்கே வயிற்றுச் சென்சார் உள்ளே வருகிறது. பழைய செயலிகளில் இதன் எண் விபிஎஸ் என்று தனியாகத் தெரியும். தெரியாத செயலிகளில் பறப்புப் பதிவை ஏர்டேட்டா போன்ற சேவையில் ஏற்றிப் பார்க்கலாம். எச் ஒன்றும் விபிஎஸ் இன்னொன்றும் காட்டுவது பழுதில்லை: ஒன்று கிளம்பிய புள்ளியிலிருந்து, மற்றது நேர் கீழே உள்ளதிலிருந்து.

சிக்கல் வருவது தண்ணீர், கண்ணாடி, பளபளக்கும் தரை, இருட்டு இவற்றின் மேல். குளத்துக்கு மேலே 2 மீட்டரில் போனால் சென்சாருக்குத் தண்ணீர்ப் பரப்பு தெரியலாம், அடித்தரை தெரியலாம், மேகத்தின் பிம்பமும் தெரியலாம். ஒவ்வொரு கணமும் வேறு உயரம் கிடைத்தால் ட்ரோன் மெல்லத் தண்ணீரை நோக்கி இறங்கும். 5 மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். போயே ஆகவேண்டும் என்றால் கை எப்போதும் ஏற்றும் குச்சியில் இருக்கட்டும். சில மாடல்களில் பாதுகாப்பு மெனுவின் உள்ளே விஷன் பொசிஷனிங்கை (கீழ்க் கேமராவைப் பார்த்து இடத்தைப் பிடிப்பதை) அணைக்கும் வசதி உண்டு. அணைத்தால் தடை உணர்வும் சேர்ந்து போகும், இறங்கும் முன் மறக்காமல் போட வேண்டும்.

கல்யாண மண்டபம் இதில் எல்லாவற்றையும் விட மோசமான இடம். ஜிபிஎஸ் கிடையாது. தரை கண்ணாடிபோல் தேய்த்த கிரானைட், அதில் சீலிங் விளக்கின் பிம்பம். வாசல் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் ஏசி ஹாலின் அழுத்தம் மாறும். பெரிய ஏர்கூலர் ஒன்று பக்கவாட்டில் வீசிக்கொண்டிருக்கும். ட்ரோன் முக்கால் மீட்டர் மேலும் கீழும் ஆடினால் அதைக் காலிப்ரேஷன் தீர்க்காது. கம்பளம் விரித்த நடைபாதைக்கு மேலேயே பறங்கள், அங்கே சென்சாருக்குப் பிடிக்க ஏதாவது கிடைக்கும். கதவை மூடச் சொல்லுங்கள், கூலரை அணைக்கச் சொல்லுங்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் மட்டும் வேண்டாம்.

கீழ் சென்சாரின் கண்ணாடியில் விரல் ரேகை, செம்மண் படலம் இருந்தாலும் இதே தடுமாற்றம் வரும். மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏனோ கேமரா லென்ஸைத் துடைப்பவர்கள் இதைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

புகைப்படத்தில் பதிவாகும் உயரம்

டிஜேஐ புகைப்படத்துக்குள் இரண்டு உயரம் எழுதப்பட்டிருக்கும். ரிலேட்டிவ் ஆல்டிட்யூட் என்பது கிளம்பிய புள்ளியிலிருந்து. அப்சல்யூட் ஆல்டிட்யூட் என்பது கடல் மட்டத்தை ஒட்டியது. பின்னது பல பத்து மீட்டர் பிசகுவது சாதாரணம். மேப்பிங் மென்பொருளோ பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நம் பகுதியில் இன்னொரு வில்லங்கம் கூடுதலாக இருக்கிறது. ஜிபிஎஸ் நேரடியாக அளப்பது பூமிக்குக் கணிதமாக வரைந்த நீள்கோளப் பரப்பிலிருந்து. நிஜக் கடல் மட்டம் அந்தப் பரப்போடு பொருந்தாது. உலகிலேயே அது அதிகம் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர் பள்ளம். சென்னையில் வித்தியாசம் 80-க்கும் 90-க்கும் இடையே. அதனால் நீள்கோள உயரத்தை அப்படியே எழுதும் சாதனம் மெரினா மணலில் மைனஸ் 80-ஐ ஒட்டிக் காட்டும். ஐரோப்பாவில் எழுதிய வழிகாட்டியில் "40, 50 மீட்டர் கூடுதலாக வரும், கழித்துவிடுங்கள்" என்று படித்துவிட்டு இங்கே கழித்தால் தப்பு இன்னும் பெரிதாகும். நமக்குக் கூட்ட வேண்டும்.

திருத்தும் வழி இது. கிளம்பிய புள்ளியின் கடல்மட்ட உயரத்தை நம்பகமான இடத்திலிருந்து எடுங்கள். பக்கத்தில் ரயில் நிலையம் இருந்தால் மஞ்சள் பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் எம்எஸ்எல் என்று போட்டு மீட்டரில் எழுதியிருக்கும். சமதள ஊரில் முதல் சரிபார்ப்புக்கு அது நல்ல ஆதாரம். அந்த உயரத்தோடு ஒவ்வொரு படத்தின் ரிலேட்டிவ் உயரத்தையும் கூட்டி, ஜிபிஎஸ் ஆல்டிட்யூட் என்ற இடத்தில் எழுத வேண்டும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் இதை ஒரே கட்டளையில் செய்யும். கூடவே ஜிபிஎஸ் ஆல்டிட்யூட் ரெஃப் என்ற புலத்தையும் பாருங்கள்: 0 என்றால் கடல் மட்டத்துக்கு மேல், 1 என்றால் கீழ். உயரத்தை 65 என்று திருத்திவிட்டு ரெஃப் 1-ஆகவே கிடந்தால் மென்பொருள் அதை மைனஸ் 65 என்று படிக்கும். ஒவ்வொரு பேட்டரியும் தனிப் பூஜ்யம் என்பதால் படங்களைப் பேட்டரிவாரியாகத் தனி ஃபோல்டரில் பிரித்த பிறகே கட்டளையை ஓட்டுங்கள். அசல் படங்களின் நகல் வேறு டிஸ்கில் இருக்கட்டும்.

மணல் குவியலின் கன அளவு மட்டும் வேண்டும் என்றால் இந்தத் திருத்தமே தேவையில்லை. குவியலும் அதன் அடித்தரையும் சேர்ந்தே 30 மீட்டர் நகர்ந்தால் கன அளவு மாறாது. வடிகால் மட்டம், கால்வாய்ச் சரிவு போன்ற வேலைக்குத் திருத்தினாலும் போதாது. தரையில் ஐந்து கட்டுப்பாட்டுப் புள்ளிகளாவது (படத்தில் தெரியும் குறிகள்) வைத்து, சர்வேயர் கருவியால் அளந்து, ஓப்பன்ட்ரோன்மேப் போன்ற மென்பொருளில் கொடுக்க வேண்டும். நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று.

காலிப்ரேஷன் எப்போது?

மேலே சொன்ன எதிலும் அடங்காமல், குச்சியைத் தொடாதபோதே ட்ரோன் தானாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது, அல்லது செயலியே ஐஎம்யூ காலிப்ரேஷன் கேட்கிறது என்றால் செய்யுங்கள். கீழே விழுந்த பிறகும் செய்யலாம். ட்ரோன் ஆறியிருக்க வேண்டும். பறந்து முடித்த சூட்டோடு செய்தால் பழைய பிழைக்குப் பதில் புதுப் பிழை. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து உறுதியான சமதளத்தில் வையுங்கள். ஆடும் மேசையும் ஃபேன் காற்றும் ஆகாது. பாதுகாப்பு மெனுவில் ஐஎம்யூ, பிறகு காலிப்ரேட். படத்தில் காட்டும்படி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்து, அடுத்த படம் வரும்வரை கையை எடுத்துவிடுங்கள். முடிந்ததும் ட்ரோனை அணைத்து ஆன் செய்து, குறித்த இடத்திலிருந்து மறுபடி அந்த ஏறி இறங்கும் சோதனை.

சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டிய அறிகுறிகள் குறைவு, ஆனால் தெளிவானவை. பாராமீட்டர் பிழை என்று செயலியே சொல்வது. தண்ணீரிலோ மழையிலோ நனைந்த பிறகு எண் தாவுவது. காற்றில்லாத வேளையில், ஆற வைத்துக் கிளப்பியும், ஒவ்வொரு முறையும் 5 மீட்டருக்கு மேல் தப்பி இறங்குவது. இன்னொரு சோதனையும் உண்டு: மோட்டார் ஓடாமல் தரையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் எண்ணைக் கவனிப்பது, 2, 3 மீட்டருக்கு மேல் அலைந்தால் சிப்பில்தான் கோளாறு. சில மாடல்களில் மோட்டார் ஓடாதபோது எண் 0-லேயே உறைந்திருக்கும், அவற்றுக்கு இது பொருந்தாது.

கொடுக்கும்போது வாயால் "உயரம் தப்பு" என்று சொன்னால் காலிப்ரேஷன் செய்து திருப்பித் தந்துவிடுவார்கள். தப்பிய பறப்புகளின் பதிவுக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் கிளம்பிய மணி, இறங்கிய மணி, இறங்கியபோது காட்டிய எண், அன்றைய வெயில், இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். சுண்ணாம்புக் கோட்டுப் படங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.